தலை ஒரு ஸ்டேஷன், கால் ஒரு ஸ்டேஷன்

செத்தவனின் தலை தெற்கே கிடந்தது. கால் வடக்கே கிடந்தது. இடுப்புக்கு அடியில் ஒரு சாக்கடைக் குழாய், ஊரில் உள்ள அத்தனை கழிவையும் கடலுக்குள் கக்கிக்கொண்டிருந்தது. அந்தக் குழாய்தான் எல்லை. அதற்குத் தெற்கே ஒரு போலீஸ் ஸ்டேஷன் லிமிட், வடக்கே இன்னொரு ஸ்டேஷன் லிமிட்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் போகிற கடற்கரைச் சாலை. கடல் அரிக்காமலிருக்கக் கொட்டி வைத்த கருங்கல் குவியல். அந்தக் கல்லின்மேல் தெற்குப் பக்கம் ஏட்டு சவரிநாதன் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். வடக்குப் பக்கம் ஏட்டு செங்குட்டுவன் குடை பிடித்து நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். இரண்டு டீயும் ஒரே கடையிலிருந்து வந்ததுதான். டீக்கு எல்லைத் தகராறு இல்லை.

ஐப்பசி மாதத்துக் கடல். அலை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் ஏறினால் பிணத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு ஏட்டுகளும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்பது ஆட்டோவை விட்டு இறங்கும்போதே ரமாபாய்க்குப் புரிந்துவிட்டது.  

ரமாபாய் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டில் பிறந்து வளர்ந்தவள். போலீஸில் ஏட்டு வரைக்கும் வந்துவிட்டு, ஒருநாள் தொப்பியைக் கழற்றி இன்ஸ்பெக்டர் மேஜைமேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனவள். இப்போது வண்ணாரப்பேட்டையில் ஒரு பேட்டரிக் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் ஆபீஸ். ஆட்டோவை ஓட்டி வந்தவன் பென்னி. காசிமேட்டுப் பையன், அவளுடைய உதவியாள். கைக்கும் காலுக்கும் கொடுக்கிற சம்பளத்தில் வாய் மட்டும் இலவசம்.

"யக்கா!" கல்லின்மேல் உட்கார்ந்திருந்த செங்கொடி எழுந்து ஓடி வந்தாள். ஒரு ரூபாய்க் காசு போடும் போனில் கூப்பிட்டவள் அவள்தான். செத்துக் கிடப்பவன் அவள் புருஷன் லட்சுமணன். மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் உடைக்கிற வேலை. "விடியறதுக்கு முன்னாடி கல்லாண்ட ஒதுங்கினு வரேன்னு போனாருக்கா. வர்ல. வந்து பாத்தா இப்டிக் கெடக்குறாரு. தூக்குங்க சார்னு ரெண்டு பேரு கால்லயும் வுழுந்துட்டேன். யாரும் எடுக்க மாட்றாங்கக்கா. நானே எடுக்கறேன்னா, தொடக் கூடாதுங்கறாங்க."

"எவிடென்ஸும்மா. தொட்டா கலைஞ்சிடும்" என்றார் சவரிநாதன்.

"அப்ப நீங்க எடுங்க" என்றாள் ரமாபாய்.

"எப்டி எடுக்கறது? பாதிக்கு மேல அந்தாண்டதானே கீது? எங்க ஜூரிஸ்டிக்ஷன் இல்ல."

"தல உன்னாண்டதானேய்யா கீது?" என்று வடக்கேயிருந்து குரல் கொடுத்தார் செங்குட்டுவன். "தல எங்கியோ அங்கதான் ஆளு. எங்க ஜூரிஸ்டிக்ஷன் இல்ல."

பென்னி தலையைச் சொறிந்தான். "ரேஷன் கார்டே ஒரு அட்ரஸுக்குதான் யக்கா குடுப்பான். இந்த மன்சனுக்கு ரெண்டு அட்ரஸு. ரெண்டுலயும் கதவு சாத்திகினு கீறாங்கோ."

"டேய் கய்தே, யாரு நீ?" என்று சவரிநாதன் லத்தியை ஆட்டினார். பிறகு ரமாபாயைப் பார்த்து இளித்தார். "ரிசைன் பண்ணிட்டுப் போனவங்களுக்கு இங்க இன்னா வேலை மேடம்? குடிச்சிட்டுக் கல்லு மேல வழுக்கி வுழுந்துட்டான். இதுல துப்பறிய இன்னா கீது?"

"அவரு குடிக்க மாட்டாரு!" செங்கொடியின் குரல் உடைந்தது. "யாரோ அட்ச்சிப் போட்டுட்டாங்க. நீங்க பாட்டுக்குக் குடிகாரன்னு எழுதி மூடிட்டா, நாளைக்கு எம் புள்ளைங்க இன்னான்னு சொல்லும்?"

"தொடலை. பாக்கறேன். பாக்கறதுக்கு எந்த ஸ்டேஷன் பர்மிஷனும் வேணாம் இல்ல?" ரமாபாய் கல்மேல் குந்தி உட்கார்ந்தாள்.

பின்னந்தலையில் ஒரு காயம். முடிக்குள் பச்சைப் பாசி ஒட்டியிருந்தது. இடது கணுக்காலில் பச்சை நைலான் கயிறு ஒரு சுற்று. முடிச்சு அப்படியே இருந்தது. முடிச்சைத் தாண்டி ஒரு சாண் தள்ளிக் கத்தியால் அறுத்த நுனி. பிறகு கைகள். வலது கையில் இரண்டு நகம் பிய்ந்திருந்தது. மீதி நகங்களின் இடுக்கில் பச்சை நூல்.

"பாசி கல்லோட பாசி. வழுக்கினது நெசம்தான்" என்றாள் மெதுவாக. "ஆனா கல்லு காலுக்குக் கயிறு கட்டாது. ஏட்டு சார் கண்ணுக்கு இந்தக் கயிறு தெரியலியா?"

சவரிநாதன் டீ கிளாசுக்குள் எதையோ தேடினார்.

"கட்டிக் கடல்ல தள்ளிட்டாங்க. நான் சொன்னேன் பாருங்க, கொலைதான்!" என்றாள் செங்கொடி.

பென்னி இப்போது சிரிக்கவில்லை. ரமாபாயைத் தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"யக்கா, இது கொலைகாரன் கட்டின கட்டு இல்ல. பொணம் இஸ்துகினு போற கட்டு. கடல்ல பொணம் மெதந்தா கரைக்குக் கொண்டார எடது கால்லதான் கட்டுவாங்க. இஸ்து முடிச்சப்புறம் முடிச்ச அவுக்க மாட்டாங்க, அறுத்து வுட்ருவாங்க. பொணம் தொட்ட கயிறு வூட்டுக்கு வரக் கூடாது."

"யாரு செய்வா?"

"மரத்துல போறவங்க. கட்டுமரம். மோட்டார் போட்டுக்காரன் செய்ய மாட்டான். பொணம் தொட்ட மரத்த அன்னிக்கே கழுவி மஞ்ச தண்ணி தெளிப்பாங்க, வேப்பெல கட்டுவாங்க. தெளிக்காத மரத்துல மறுநாளு ஒருத்தனும் ஏற மாட்டான்."

"அப்ப கயித்துக்குச் சொந்தக்காரனத் தேட வேணாம். மஞ்சள் பூசின மரத்தைத் தேடுவோம். வா."

*

கல்லைத் தாண்டி மணலில் நடந்தார்கள். மணல் என்று பேர்தான். பிளாஸ்டிக், மீன் செதில், மனிதன் கழித்தது, துறைமுகத்திலிருந்து பறந்து வந்த நிலக்கரித் தூசு. காலை எங்கே வைப்பது என்று பார்த்துப் பார்த்து வைக்க வேண்டியிருந்தது.

"அது இன்னா யக்கா அந்த வார்த்தை? ஜூரிஸ்... நாக்குல முள்ளு குத்துது."

"ஜூரிஸ்டிக்ஷன். எதுவரைக்கும் உன் அதிகாரம் செல்லும், எதுக்கு நீ பொறுப்புன்னு அர்த்தம்."

"ரெண்டுமா?"

"ரெண்டும்தான். ஒண்ணை மட்டும் வெச்சிகினு இன்னொண்ணைத் தள்ள முடியாது."

"ஆனா போன வாரம் இதே சவரி ஏட்டு கொழாயத் தாண்டி அந்தாண்ட போயி எறா கூடைய தூக்கினு வந்தாரே! அன்னிக்கு இந்த வார்த்தைய அவரு வாயில நான் கேக்கலியே."

"எறாவுக்கு அந்த வார்த்தை கெடையாதுடா. கூடை கண்ல பட்டா 'இது எங்க ஏரியா'ம்பான். பொணம் கண்ல பட்டாத்தான் இங்கிலீஷு வரும். பதினோரு வருஷம் அந்தக் காக்கியப் போட்டவ நான். அந்த வார்த்தைய ஒரு தபாகூட 'நான் பாத்துக்கறேன்'னு சொல்றதுக்கு ஒருத்தன் சொல்லி நான் கேட்டதில்லை."

பென்னி எச்சில் துப்பினான். "கலீஜு."

குப்பத்துக்கு முன்னால் கட்டுமரங்கள் வரிசையாகக் கிடந்தன. எல்லாம் உப்பு பூத்து வெளுத்திருந்தன. ஒன்றே ஒன்று மட்டும் இன்னும் ஈரம் காயாமல் மஞ்சளாகக் கிடந்தது. முனையில் ஒரு கொத்து வேப்பிலை. அதற்குப் பக்கத்தில் மீன் கூடையைக் கவிழ்த்துப்போட்டு ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. பத்தடி தள்ளி வீட்டு வாசலில் அவன் பெண்சாதி துடைப்பத்தோடு நின்றாள்.

"இன்னா நைனா தேசிங்கு," என்றான் பென்னி, "வூட்டாண்ட போவாம வெயில்ல குந்தினு கீற? கட்சித் தாவல் தடைச் சட்டமா?"

"பொழுது சாஞ்சப்புறம்தான் உள்ள வுடுவேன்" என்றாள் பெண்சாதி. "பொணத்தத் தொட்டுட்டு வந்தவனை அடுப்பாண்ட சேக்கறதா? இதோட இந்த மாசம் மூணாவது தபா. இன்னா பொழப்பு இது? தூ!"

தேசிங்கு அவளை முறைத்தான். சொல்ல வேண்டியதையெல்லாம் அவளே சொல்லிவிட்டாள்.

ரமாபாய் அவன் முன்னால் மணலில் உட்கார்ந்தாள். "யாரு சொல்லிச் செஞ்சே?"

"நீங்க யாரு?"

"செத்தவனோட பொண்டாட்டி என்னைக் கூப்பிட்டா. போலீஸ் இல்லை. போலீஸா இருந்தா உன்னைத் தேடி வந்திருக்க மாட்டேன். உன்னைக் கூப்பிட்டு அனுப்பியிருப்பேன்."



"ஏட்டய்யாதான். சவரிநாதன். காலையில எறாவுக்கு வந்தாரு. தெக்கால கல்லாண்ட ஒரு பொணம் கெடக்குது, ட்யூட்டி முடியற நேரத்துல பேஜாரு, இஸ்துகினு போயி கொழாய்க்கு அந்தாண்ட வுட்டுட்டு வாடான்னாரு. வழக்கம்தாம்மா. தெக்கு ஸ்டேஷன் கூப்ட்டா வடக்கால வுடுவேன். வடக்கு ஸ்டேஷன் கூப்ட்டா தெக்கால வுடுவேன். ஒரே பொணத்த ரெண்டு பக்கமும் இஸ்துருக்கேன். மாட்டேன்னு சொன்னா மறுநாளு மரம் எறக்க முடியாது."

"வடக்கால வுட்டது எப்டி நைனா திரும்பி வந்து கொழா மேல குந்திச்சி?" என்றான் பென்னி.

"ஐப்பசி பொறந்தா தண்ணி வடக்குலேர்ந்து தெக்கால ஓடும். ஏட்டாண்ட சொன்னேன், ரொம்ப தூரம் போணும்னு. இங்க போதும், கொழாயத் தாண்டினா போதும்ன்ட்டாரு. காக்கிக்கு எல்லை தெரியும், தண்ணியப் பத்தி இன்னா தெரியும்?"

பென்னி ரமாபாயைப் பார்த்தான். அவ்வளவுதானே, கதை முடிந்தது, வழுக்கி விழுந்தவனை இழுத்து விட்டிருக்கிறார்கள், கொலை ஏதும் இல்லை. அவன் பார்வை அப்படித்தான் சொன்னது. ரமாபாய் எழுந்திருக்கவில்லை.

"செத்துட்டான்னு யாரு சொன்னது?"

"ஏட்டுதான். பூட்சால ரெண்டு தபா ஒதைச்சிப் பாத்துட்டு, காலிடான்னாரு."

"நீ கால்ல கயிறு கட்டினே. கால் எப்டி இருந்துச்சு? சில்லுனு இருந்துச்சா?"

தேசிங்கின் கை, இல்லாத ஒரு கயிற்றைச் சுற்றுவதுபோல மடிந்தது. "கொஞ்சம்... சூடாத்தான் இருந்துச்சு. வெயில்ல கல்லு மேல கெடந்த ஒடம்பு இல்லியா."

"நீ கட்டினப்போ வெயில் வந்திருச்சா?"

 

"வெளிச்சமே வர்லம்மா" என்றாள் பெண்சாதி வாசலிலிருந்து. "இருட்டுலதான் எழுப்பினு போனாரு அந்த ஆளு." சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. துடைப்பம் கையிலிருந்து நழுவியது.

"அவன் நகத்துல பச்சை நூல் கீது தேசிங்கு. உன் கயிறு. ரெண்டு நகம் பிஞ்சிருக்கு. செத்தவன் கயித்தை அவுக்கப் பாப்பானா?" ரமாபாயின் குரல் ஏறவில்லை. "நீ மரத்துல போறே, அவன் பின்னால தண்ணியில வரான். ஒரு தபாகூட நீ திரும்பிப் பாக்கலியா?"

"பாக்கக் கூடாதும்மா!" தேசிங்கு கத்தினான். "பொணம் இஸ்துகினு போறப்போ திரும்பிப் பாக்கக் கூடாது. பாத்தா அது நம்ம கூடவே வூட்டுக்கு வந்துரும். எங்கப்பன் பாக்கல. அவங்கப்பன் பாக்கல. நானும் பாக்கல." பிறகு குரல் அடங்கியது. "கயிறு ரெண்டு தபா வெடுக்குனு இஸ்துச்சு. அலைன்னு நெனைச்சேன்."

 

தேசிங்கு வேப்பிலைப் பக்கம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான்.

*

மூன்று பேரும் கல்லுக்குத் திரும்பி வருவதைச் சவரிநாதன் தூரத்திலேயே பார்த்துவிட்டார். நடுவில் வருவது யார் என்று தெரிந்ததும் டீ கிளாசைக் கடலில் எறிந்தார். ட்யூட்டி முடிந்து வீட்டுக்குப் போனவரை, பிணம் திரும்பி வந்துவிட்டது, போய்க் காவல் நில் என்று இன்ஸ்பெக்டர் அனுப்பியிருந்தார். காலை முழுக்க அலை ஏற வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருந்த மனுஷன், இப்போது பேண்டைச் சுருட்டிக்கொண்டு பிணத்தை நோக்கி இறங்கினார்.

"சரி, சரி! எவ்ளோ நேரம் அந்தப் பொம்பளைய அழ வுடறது? மனசு கேக்கல. எங்க கேஸு இது. எங்க லிமிட்டுதான். நானே எடுத்துக்கறேன். மத்தியானமே முடிச்சி எரிச்சிடலாம்."

செங்கொடி கையெடுத்துக் கும்பிடப் போனாள். அந்தக் கையை ரமாபாய் பிடித்து இறக்கினாள். நடந்ததை அவள் காதோடு சொன்னாள். நான்கு வரிதான் இருக்கும். நல்ல வார்த்தை, ஆறுதல் வார்த்தை எதையும் அவள் அதில் கலக்கவில்லை. கலப்பதற்கு அதில் இடமும் இல்லை.

செங்கொடி சவரிநாதனைப் பார்த்தாள். "உசுரோடவா?" என்றாள். "உசுரோடவா இஸ்துகினு போவச் சொன்னே?"

"யம்மா, இவ சொல்றத நம்பாத. குடிகாரப் பய..."

"அந்த ஆளு எடுத்தா 'குடிச்சிட்டு வுழுந்தான்'னு ஒரே வரி எழுதுவான்" என்றாள் ரமாபாய். "எரிச்சிட்டா நகமும் போச்சு, நூலும் போச்சு. செங்கொடி, உன் புருஷன் வடக்கால போவணும்."

"சார், நீங்க எடுங்க சார்" என்று செங்கொடி குழாய்க்கு அந்தப் பக்கம் பார்த்துக் கெஞ்சினாள்.

செங்குட்டுவன் குடையோடு இரண்டு கல் பின்னால் நகர்ந்தார். "அவருதான் எடுத்துக்கறேன்றாரே! எங்க ஜூரிஸ்டிக்ஷன் இல்லம்மா."

அடுத்த அலை லட்சுமணனின் காலைத் தூக்கிப் புரட்டியது.

செங்கொடி கும்பிட்டது போதும் என்று முடிவு செய்துவிட்டாள். புடவையை இழுத்துச் சொருகினாள். குழாய்த் தண்ணீரில், முழங்கால் வரைக்கும் ஊரின் மலத்தில் இறங்கினாள்.

"தொடாத! எவிடென்ஸு!" என்று சவரிநாதன் பாய்ந்தார். பென்னி குறுக்கே போய் நின்றான்.

"மாமு, இந்தாண்ட கல்லு வழுக்கும். வுழுந்தா உன்னை எந்த ஸ்டேஷன் தூக்கறதுன்னு ஒரு பஞ்சாயத்து வெக்கணும். அங்கியே நில்லு."

செங்கொடி தலையைப் பிடித்தாள். ரமாபாய் இடுப்பில் கை கொடுத்தாள். கால் பக்கம் யாரும் இல்லை. தேசிங்கு ஒரு நிமிஷம் நின்றான். பிறகு இறங்கி வந்து, தான் கட்டிய கட்டுக்கு மேலே கை வைத்துத் தூக்கினான். பொழுது சாய்ந்தாலும் இன்றைக்கு அவனை வீட்டுக்குள் விடமாட்டார்கள். அவன் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

தண்ணீர் குடித்த உடம்பு கனம். அவன் உடைத்த ஐஸ் பாளத்தை விடக் கனம். இழுத்து, சறுக்கி, முட்டி பெயர்ந்து, குழாய்க்கு வடக்கே கல்லின்மேல் கொண்டு வந்து, செங்குட்டுவனின் பூட்ஸ் முன்னால் கிடத்தினார்கள். குப்பத்திலிருந்து ஆள் சேர்ந்துவிட்டது. 

"இதெல்லாம் செல்லாது ரமாபாய். பொணத்தை நகத்திட்டா லிமிட் மாறிடுமா?" என்றார் செங்குட்டுவன்.

"காலையில நகத்தினப்போ மாறும்னு நம்பித்தானே நகத்தினாங்க?" ரமாபாய் கையிலிருந்த அழுக்கைக் கல்லில் துடைத்தாள். "தேசிங்கு, சொல்லு."

"கட்டினது தெக்கால சார். கயிறு வெடுக்குனு இஸ்தது..." அவன் கடலைக் காட்டினான். "உங்க பக்கத்துல சார். கொழாயத் தாண்டினப்புறம். அங்கதான் செத்தாரு. நான்தான் இஸ்தேன். என்னைப் புடிச்சுக்கங்க."

"ஒரு எடத்துல ஆரம்பிச்சு இன்னொரு எடத்துல முடிஞ்ச குத்தத்தை ரெண்டு ஸ்டேஷன்ல எது வேணும்னாலும் எடுக்கலாம். உங்களுக்கும் எனக்கும் ஒரே கிளாஸ்லதான் இதைச் சொல்லிக் குடுத்தாங்க" என்றாள் ரமாபாய். பிறகு அவர் குடைக்குள் தலையை நீட்டிக் குரலைத் தணித்தாள். "எடுக்கலைன்னா நாங்க நேரா மாஜிஸ்ட்ரேட்டாண்ட போறோம். அங்க இவன் எல்லாத்தையும் சொல்வான். தெக்காலேர்ந்து யாரு கூப்ட்டாங்கன்னு மட்டும் இல்ல, வடக்காலேர்ந்து யாரு கூப்ட்டாங்கன்னும் சொல்வான்."

 செங்குட்டுவனுக்கு நீதியும் வரவில்லை, கருணையும் வரவில்லை, கணக்கு வந்தது. குடையை மடக்கினார்.

"ஸ்ட்ரெச்சருக்குச் சொல்லியனுப்பறேன். அந்தக் கயித்த யாரும் தொடாதீங்க. டேய், நீ இங்கியே குந்து. சவரி, நீயும் எங்கியும் போவாத."

சவரிநாதன் சாலைப் பக்கம் திரும்பினார். அங்கே குப்பத்துப் பெண்கள் வழியை அடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள்.

செங்குட்டுவன் குனிந்து லட்சுமணனின் தோளைத் தொடப் போனார். செங்கொடி அவர் கையைத் தட்டிவிட்டாள்.

"மொதல்ல சொல்லு. இவரு யாரு லிமிட்டு?"

"அதான் எடுத்துக்கறேன்னு..."

"வாயால சொல்லு. எல்லாரும் கேக்கட்டும்."

ஏட்டு கூட்டத்தைப் பார்த்தார். உதட்டை நக்கிக்கொண்டார்.

"எங்க லிமிட்டும்மா."

செங்கொடி கையை எடுத்தாள். காலையிலிருந்து கும்பிட்டும் கெஞ்சியும் திரிந்தவள், கல்லின்மேல் தொப்பென்று உட்கார்ந்து, அப்போதுதான் புருஷனின் பேரைச் சொல்லி அழ ஆரம்பித்தாள்.